பீஷ்மரும் நிமியும்

திதி கொடுக்கறப்போ "எங்க வீட்டு வழக்கம் இது", "சாஸ்திரத்துல அப்படி இல்லையே"ன்னு ஒரு சண்டை வராம இருக்கறது அபூர்வம். ஆனா மகாபாரதம் அனுசாசன பர்வத்துலயே ரெண்டு கட்சிக்கும் பாயிண்ட் இருக்குங்க. பீஷ்மர் சந்தனுவுக்கு பிண்டம் வைக்கறப்போ தர்ப்பையை விலக்கிட்டு நகை போட்ட ஒரு கை வருது, சாட்சாத் அப்பா கையேதான், ஆனா மனுஷன் அசரலயே, பிண்டம் கையில கொடுக்க விதி இல்ல, தர்ப்பை மேலதான்னு அங்கயே வெச்சுட்டார், பித்ருக்களும் கனவுல வந்து மெச்சிட்டுப் போறாங்க! (நம்ம வீட்டுல சித்தப்பா கண்ணை உருட்டினாலே மாத்திடுவோம்.)

அதே பர்வத்துல நிமிங்கற முனிவர் கதையும் வருது. பையன் செத்த துக்கத்துல அவனுக்குப் பிடிச்சதெல்லாம் யோசிச்சு யோசிச்சு சேர்த்து அமாவாசைல சிராத்தம் பண்ணிடறார், முடிச்சப்புறம்தான் பயம், முனிவர்கள் யாருமே செய்யாததை செஞ்சுட்டோமேன்னு. அவரோட முன்னோரான அத்ரி முனிவர் வந்து, இது பிரம்மாவே வகுத்ததுதான், பயப்படாதேங்கறார். அதாவது செயல் முதல்ல, ஆதாரம் அப்புறம்.

பொண்ணு திதி கொடுக்கலாமான்னு கேட்டா "முன்னாடி யாரும் பண்ணலையே"ன்னு சொல்றவங்க பீஷ்மரை மட்டும் கோட் பண்றாங்க, நிமி பக்கம் போறதே இல்ல, ஏன்?