ரைஃபிள் பேரல் (துப்பாக்கிக் குழல்) எத்தனை சுடு தாங்கும்?

பேரல் தேய்வதற்குத் தோட்டா உரசுவதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பங்கு சிறிது. பேரலைத் தின்பது எரியும் வெடிமருந்தின் வாயு. சேம்பருக்கு (தோட்டா அமரும் அறை) முன்னால், தோட்டாவைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள் தொடங்கும் சில அங்குலத்தில்தான் வெப்பமும் அழுத்தமும் உச்சம். அங்கே எஃகின் மேற்பரப்பு வறண்ட களிமண் போல வெடித்து, பிறகு உதிரும். குழலின் மற்ற பகுதி அப்போதும் நன்றாகவே இருக்கும்.

அதனால் சிறிய துளை வழியே நிறைய மருந்தை எரிக்கும் கார்ட்ரிட்ஜ்கள் (தோட்டாவும் மருந்தும் சேர்ந்தவை) பேரலைச் சீக்கிரம் முடித்துவிடும். .308 வின்செஸ்டர் சுமார் 5,000 சுடுவரை குறி தவறாமல் போகலாம், 6.5 கிரீட்மோர் ஏறக்குறைய 2,000 முதல் 3,000. மருந்து மிகக் குறைவான .22 ரிம்ஃபயரோ பல்லாயிரம் தாண்டும். இவை போட்டித் துல்லியத்துக்கான கணக்கு. வேட்டைக்கு இன்னும் நீளும்.

இடைவெளியின்றிச் சுடுவதுதான் பெரிய கேடு. பேரலைக் கையால் தொட முடியாவிட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

சுத்தம் செய்வதிலும் கெடுக்கலாம். துடைக்கும் ராடை (கம்பி) வழிகாட்டி இல்லாமல் தோட்டா வெளியேறும் வாய்ப்பக்கமிருந்து நுழைத்தால் கிரவுன் (குழல் வாயின் விளிம்பு) தேயும், குழுக்கள் (ஒரே குறியில் சுட்ட துளைகளின் கூட்டம்) விரியும். பழைய அரிக்கும் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) என்றால் அது விடும் உப்பை அன்றே தண்ணீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். எண்ணெய் மட்டும் உப்பைக் கரைக்காது.

குழு திடீரென விரிந்தால் உடனே பேரலைக் குறை சொல்லாதீர்கள். ஸ்கோப் திருகுகளையும் தோட்டா குழலுக்குள் விட்ட செம்புப் படிவையும் முதலில் பாருங்கள்.