டிராஃப்ட்ல பாயிண்ட்ஸ மட்டும் பாக்காதீங்க

என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) டிராஃப்ட், அதாவது டீமுங்க வரிசையா இளம் பிளேயர்கள தேர்ந்தெடுக்கிறது, அந்தப் பேச்சு வந்தாலே கனடா ஜூனியர் பையன் நூறு பாயிண்ட் (கோலும், கோலுக்கு உதவுன பாஸும் சேத்து) எடுத்திருக்கான், ஸ்வீடன் பையன் பத்துகூட தாண்டலன்னு ரெண்டு பேரையும் ஒரே தராசுல வெக்கிறாங்க, என்னால இத ஒத்துக்கவே முடியல. கனடாக்காரன் ஆடுறது 16லேந்து 20 வயசு பசங்களோட. ஸ்வீடன், ஃபின்லாந்து பையன் மேல் லீக்குக்கு வந்துட்டான்னா எதிர்ல முப்பது வயசு ஆளுங்க, அதுலயும் கோச் அவன நாலாவது லைன்ல, அதாவது கடைசி செட்ல, கொஞ்ச நிமிஷந்தான் விடுவாரு, எதிர் டீம்ல ஆள் கொறையிற பவர்ப்ளேல எறக்கவே மாட்டாரு, அப்புறம் பாயிண்ட் எங்கேந்து வரும்? ஆடுற ஐஸ் ரிங்க் அகலமும் அங்க நெறைய எடத்துல 30 மீட்டர், என்எச்எல்ல சுமார் 26தான், அதனால ஆட்டமும் வேற மாதிரி.

ஆஸ்டன் மேத்யூஸ் அமெரிக்கப் பையன், ஆனா டிராஃப்டுக்கு முன்னாடி சூரிச் போய் பெரியவங்களோட ஆடி 36 மேட்ச்ல 24 கோல் போட்டாரு, 2016 டிராஃப்ட்ல முதல் பிக் (முதல் ஆளா தேர்வு). அப்படி ஒரு நம்பர் அந்த வயசுல ரொம்ப அபூர்வங்க.

பின்னாடி பெரிய ஸ்டாரான ரஷ்யாவோட டாட்சுக் 1998ல 171வது பிக், ஸ்வீடனோட ஸெட்டர்பெர்க் 1999ல 210வது! என்எச்எல் டீம் டெட்ராய்ட்டுக்காக ஐரோப்பால திறமையான பசங்கள தேடுற ஸ்கவுட் ஹாகன் ஆண்டர்சன் கண்டுபிடிச்ச ஆளுங்க. 2008ல டெட்ராய்ட் என்எச்எல் சாம்பியன் கப் ஜெயிச்சப்போ பிளேஆஃப் (கப்புக்கான கடைசிக் கட்டம்) எம்விபி, அதாவது சிறந்த ஆட்டக்காரர், யாரு தெரியுமா, அதே ஸெட்டர்பெர்க்தான்.