மண்ணெண்ணெயில் ஓடினவர்களுக்கு ஒரு மஞ்சள் விளக்கு

விளக்கு எரிந்தபோது நான் வெம்பிளியில், அறுபது மட்டன் றோல்ஸுடன் நின்றேன். டாஷ்போர்டில் மஞ்சளாய் ஒரு படம்: ஒரு குழாய், அதற்குள் புள்ளிகள். வான் நிற்கவில்லை, ஆனால் பள்ளிக்கூடம் போகப் பஞ்சிப்படுகிற பிள்ளை மாதிரி இழுபட்டது.

கராஜில் நம்மவர்தான். பொனெற்றைத் திறக்கக்கூட இல்லை.

"தம்பி, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடுறீர்?"

"பதினொரு மைல் இருக்கும், அண்ணை. ஹரோவில நாலு கடை, இங்க ரெண்டு."

"அதுதான் வருத்தம். நீர் டீசலுக்கு வேலை குடுக்கேல்லை."

டீசல் புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்க ஒரு பில்டர் இருக்கிறதாம். கரி நிறைந்ததும் அதைத் தானே எரித்துவிடும். ஆனால் அதற்குப் புகைக்குழாய் கிட்டத்தட்ட 600 பாகை சூடாக வேண்டும். கடைக்குக் கடை நிறுத்தி நிறுத்தி ஓடினால் அந்தச் சூடு எப்போது வரும்? கரி அடைத்துக்கொண்டே போகும். பில்டர் மாற்ற அவர் சொன்ன விலையைக் கேட்டு நான் பேசாமல் நின்றேன். "முதல்ல இரவைக்கு மோட்டார்வேயில ஏத்தி, இருபது நிமிசம் நிப்பாட்டாமல் மிதிச்சுப் பாரும்" என்றார்.

இரவு சாவியை எடுத்தபோது மனைவி கேட்டாள்: "எங்க போறியள்?"

"கரி எரிக்க" என்றேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை. லண்டன் அவளையும் பழக்கிவிட்டது.

ஏ 40 வழியாக எம் 40 இல் ஏறி, பெக்கன்ஸ்ஃபீல்ட் மட்டும் போய்த் திரும்பினேன். ஒரு அலுவலும் இல்லாமல், ஒருவரையும் பார்க்காமல், எஞ்சினுக்குக் காலாற ஒரு உலா. காசு கொடுத்து எண்ணெய் அடித்து, அதை எரிப்பதற்காகவே ஓடுகிறேன். பெரியப்பா பார்த்திருந்தால் என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டுபோய் நூல் கட்டியிருப்பார்.

அவரிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணத்தில் பெற்றோலைக் கண்ணால் காண்பதே அரிது. இருமல் மருந்துப் போத்தல் ஒன்றில் கொஞ்சம், சாமி அறையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். காபரேற்றருக்குள் நாலு துளி, ஐந்தாவது விழுந்தால் ஏச்சு. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அந்த நாலு துளிதான் அதைச் சூடேற்றித் தரும். பிறகு மண்ணெண்ணெய்தான். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும், கொடியில் காய்ந்த உடுப்பெல்லாம் குப்பிவிளக்காய் மணக்கும். ஆனாலும் கார் ஓடியது. சந்தைக்கும் ஓடியது, ஆஸ்பத்திரிக்கும் ஓடியது. கிட்டவா தூரவா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

திரும்பி வரும்போது விளக்கு அணைந்திருந்தது. ஒன்பது நாளில் மறுபடி எரிந்தது.

அத்துடன் முடிவெடுத்தேன். தெரிந்தவர்கள் எல்லாரும் டீசல் கட்சி: "கூட மைல் குடுக்கும், பாரம் இழுக்கும்." உண்மைதான். ஆனால் றோல்ஸ் என்ன பாரம்? ஊரில் டீசல் மலிவு, அந்த எண்ணம் எங்களோடு விமானம் ஏறி வந்துவிட்டது. இங்கே லீற்றருக்கான வரி இரண்டுக்கும் ஒன்றுதான், பம்பிலோ பெரும்பாலும் டீசல்தான் விலை கூட. போதாததற்கு, 2023 ஓகஸ்ட் 29 இல் மாசுக் கட்டண வலயம் லண்டன் முழுக்க விரிந்தது. டீசல் வான் என்றால் யூரோ 6 என்ற புகைத் தரத்தில், அதாவது பெரும்பாலும் 2016 செப்டெம்பருக்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும். பெற்றோலுக்கு யூரோ 4 போதும். என்னுடையது 2014. ஓடுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண், ஆறு நாளுக்கு 75. அது எத்தனை றோல்ஸ் என்று மனைவி கணக்குப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

சின்ன வானில் பெற்றோல் தேடுவது பொருத்தம் பார்க்கிற மாதிரி. பத்து விளம்பரம் பார்த்தால் ஒன்பது டீசல். ஒரு மாதம் அலைந்து, வெள்ளையில் ஒன்று எடுத்தேன். மைல் கொஞ்சம் குறைவுதான், பரவாயில்லை. விளக்கு இல்லை, நள்ளிரவு உலா இல்லை. இப்போது நானும் லண்டன்காரன்தான், எண்ணெயைக்கூடத் தெரிவு செய்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

அடுத்த நாள் பம்பில் கை பழக்கத்தில் கறுப்புப் பிடியைத் தூக்கியது. கறுப்பு டீசல், பச்சை பெற்றோல். நல்லவேளை, டீசல் குழாயின் வாய் பெரிது, பெற்றோல் வானுக்குள் நுழையாது. ஒருவரும் பார்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு பச்சையை எடுத்து அடித்தேன். திரும்ப மாட்டும்போது நாலைந்து துளி நிலத்தில் சிந்தியது.

குனிந்து பார்த்தபடியே நின்றிருக்கிறேன். பின்னால் நின்றவர் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார்.