சப்நெட்டிங் மண்டைல ஏறலையா, ரயில் பெர்த்த நெனச்சுக்கோங்க

சிசிஎன்ஏ, அதான் சிஸ்கோ கம்பெனி நடத்தற நெட்வொர்க் எக்ஸாம், அதுக்கு படிக்கறேன்னு கடலூர்லேர்ந்து பாண்டிக்கு டெய்லி பஸ்ல போய்ட்டு வந்த காலம், கிளாஸ்ல சப்நெட், அதாவது ஒரு பெரிய நெட்வொர்க்க சின்னச் சின்னதா பிரிக்கறது, வந்தப்ப சார் போர்டு ஃபுல்லா 0, 1ன்னு எழுதித் தள்ளினாரு, நான் என்ன பண்ணேன், 128, 192, 224, 240, 248, 252ன்னு வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டேன். கன்னியக்கோயில் வர்றதுக்குள்ள ரெண்டு தடவ ஒப்பிச்சிடுவேன். அப்படியும் மாடல் டெஸ்ட்ல பாதிக்கு மேல தப்பு. நம்பர் தெரியுது, அது எதுக்குன்னு தெரியல.

புரிஞ்சது திருப்பாப்புலியூர் ஸ்டேஷன்ல ரயில் ஏறினப்ப. ஸ்லீப்பர்ல உங்க பெர்த் 29ன்னா ஒண்ணுலேர்ந்தா எண்ணுவீங்க? எட்டு எட்டு பெர்த்தா ஒரு தடுப்பு, அப்ப 25லேர்ந்து 32க்குள்ள நம்ம இடம்னு நேரா போய்டுவோம்ல. பிளாக் சைஸ்ங்கறது இவ்ளோதான், ஒரு தடுப்புல எத்தன நம்பர்னு கேக்கறாங்க. என்ன ஒண்ணு, ஐபில, அதான் நெட்வொர்க்ல ஒவ்வொரு மெஷினுக்கும் இருக்கற விலாச நம்பர்ல, எண்ணிக்கை 0லேர்ந்து ஆரம்பிக்கும்.

192.168.10.77 /27ன்னு கேள்வி வருதுன்னு வைங்க. ஒரு ஐபில மொத்தம் 32 பிட், அதாவது 0, 1 எழுதற 32 கட்டம், /27ன்னா அதுல 27 நெட்வொர்க்குக்கு போச்சு, மிச்சம் 5, ரெண்ட அஞ்சு தடவ பெருக்குனா 32, அதான் பிளாக். அதே /27ஐ மாஸ்க்கா, அதாவது நெட்வொர்க் பங்கு எதுவரைக்கும்னு காட்டற நம்பரா, 255.255.255.224ன்னு குடுத்தா 256லேர்ந்து 224 கழிங்க, அதே 32 வரும். இப்ப 0, 32, 64, 96ன்னு தாவுங்க, 77 விழறது 64ல. அப்ப நெட்வொர்க் 64, அடுத்த தடுப்புக்கு ஒண்ணு முன்னாடி 95 பிராட்காஸ்ட், அதாவது அந்தத் தடுப்புல எல்லாருக்கும் சேத்து அனுப்பற விலாசம், நடுவுல 65 டு 94 தான் மெஷினுக்கு குடுக்கலாம். முதலும் கடைசியும் யாருக்கும் கெடையாது.

நான் அதிகமா அடி வாங்கினது மூணாவது ஆக்டெட்ல, அதான் புள்ளி வச்சு பிரிச்ச நாலு நம்பர்ல மூணாவது. 172.16.77.140 /20, இத பாத்தவுடனே கை தானா 140 மேல போகும், போகக்கூடாது! மாஸ்க் 255.255.240.0, கணக்கு நடக்கறது 240 இருக்கற எடத்துல, பிளாக் 16, அதனால 77 உக்கார்றது 64க்கும் 79க்கும் நடுவுல. நெட்வொர்க் 172.16.64.0, பிராட்காஸ்ட் 172.16.79.255. அந்த 140 சும்மா கண்ண மறைக்கத்தான்.

இன்னொரு பொறி, 30 கம்ப்யூட்டர்னு கேப்பாங்க, /27ல 30 கெடைக்குதேன்னு டிக் பண்ணிடாதீங்க, ரவுட்டருக்கு ஒரு ஐபி வேணும்ல, 31 ஆச்சு, அப்ப /26 தான்.

எக்ஸாம்ல கால்குலேட்டர் கெடையாது, ஒரு கேள்விய தாண்டிட்டா திரும்பி வரவும் முடியாது. உக்காந்தவுடனே குடுக்கற போர்டுல 128 64 32 16 8 4 2 1 எழுதி வச்சிடுங்க, பதட்டத்துல 16ஐ ரெண்டால பெருக்கறது கூட மறக்கும், எனக்கு மறந்துச்சு.

பாஸ் பண்ணதுக்கப்புறம் மஞ்சக்குப்பத்துல ஃப்ரெண்டோட ஜெராக்ஸ் கடைக்கு போனேன், பிரிண்டர் ரெண்டு நாளா வேல செய்யல, கேபிள் மாத்திட்டான், டிரைவர் மாத்திட்டான், புதுசு வாங்கலாம்னு இருந்தான். கம்ப்யூட்டர் 192.168.1.10, பிரிண்டர் 192.168.1.200, பாக்க ஒரே வீடு மாதிரிதான் இருக்கு. ஆனா பிரிண்டர்ல யாரோ கைல மாஸ்க்க 255.255.255.128ன்னு போட்டிருக்காங்க. பிளாக் 128, பிரிண்டர் ரெண்டாவது தடுப்புல. அதுக்கு 10ங்கறவன் வெளியூர்க்காரன், பதில ரவுட்டர் வழியாதான் அனுப்பணும், அந்த ரவுட்டரோ 192.168.1.1, அதுவும் மொத தடுப்புலயே இருக்கு. எங்க போகும் பாவம்!

மாஸ்க்கோட கடைசி நம்பர 0 ஆக்கினேன், ரெண்டு நாளா தேங்கி நின்ன பேப்பரெல்லாம் கடகடன்னு வந்து விழுந்துச்சு, அதுல பாதி ஒரே கல்யாணப் பத்திரிகை.