வீட்லயே முடி வெட்டுறேன், இதுவரைக்கும் பதினாலு தலை

பதினாலு தலைன்னா பதினாலு பேர் இல்லங்க, வீட்டுக்காரர் அஞ்சு தடவை, பையன் ஆறு தடவை, மாமா மூணு தடவை, இந்த மூணு பேரும்தான் மாத்தி மாத்தி வந்து மாட்டுனாங்க. முதல் நாள்லேருந்தே ஒரு பழைய நோட்டுல எந்த நம்பர் போட்டேன் எங்க சொதப்புனேன்னு கிறுக்கி வச்சிருக்கேன், அதப் பாத்துதான் இத டைப் பண்றேன்.

முதல் தலை வீட்டுக்காரரோடது. தாடிக்கு வச்சிருந்த ட்ரிம்மர்லயே ஆரம்பிச்சேன், அதுதான் முதல் தப்பு. தாடி ட்ரிம்மருக்கு பிளேடு அகலம் கம்மி, மோட்டாரும் சின்னது, தலைமுடி அடர்த்திக்கு அது திணறுது, வெட்டாம புடிச்சு இழுக்குது, அவர் ஸ்ஸ்ஸ்னு நெளியிறார். இடது பக்கம் முடிச்சு வலது பக்கம் வரும்போது சார்ஜ் காலி. அதுல சார்ஜ் போட்டுக்கிட்டே ஓட்ட முடியாது. ரெண்டு மணி நேரம் ஒரு பக்கம் காடு ஒரு பக்கம் கட்டாந்தரைன்னு கழுத்துல துண்டோட உக்காந்திருந்தார் மனுஷன், நடுவுல வந்த வீடியோ கால வேற தலைய திருப்பி வச்சுக்கிட்டே பேசி முடிச்சார்.

அதுக்கப்புறம்தான் ஒழுங்கா முடி வெட்டுற கிளிப்பரும் கத்தரியும் வாங்குனேன். கத்தரிய பத்தி ஒரு வார்த்தை, வீட்ல பேப்பர் வெட்டுறது துணி வெட்டுறது எதையும் எடுத்துடாதீங்க, முடி அதுல வெட்டுப்படாம நழுவி நழுவி முன்னாடி போகும், நேரா வெட்டுனோம்னு நினைப்போம், விட்டுப் பாத்தா எலி கடிச்ச மாதிரி இருக்கும்.

கிளிப்பர்ல மாட்டுற பிளாஸ்டிக் சீப்புக்கெல்லாம் நம்பர் இருக்கும். 1ன்னா 3 மில்லிமீட்டர், 2ன்னா 6, 3ன்னா 10, 4ன்னா 13, கிட்டத்தட்ட இந்தக் கணக்குதான். நான் விழுந்த குழி என்னன்னா, எங்க ட்ரிம்மர்ல இருக்குற நம்பர் நேரா மில்லிமீட்டர். ரெண்டாவது தடவை பையனுக்கு கிளிப்பர்ல 3 போட்டு சைடெல்லாம் அழகா வந்துச்சு, காது பின்னாடி மட்டும் கிளிப்பர் பெருசா இருக்கேன்னு ட்ரிம்மர எடுத்து அதுலயும் 3 வச்சு ஒரே ஒரு இழு. 10 மில்லி முடிக்கு நடுவுல 3 மில்லில ஒரு ரோடு! அவனுக்கு தெரியல, ஜாலியா உக்காந்திருக்கான், எனக்குதான் கை நடுங்குது. கடைசில மொத்த சைடையும் 1க்கு இறக்க வேண்டியதாப் போச்சு. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு கொஞ்சம் மேல வளரும், மூணு வாரத்துல ஆள் பழையபடி ஆயிட்டான்.

மூணாவது நாலாவது தலையெல்லாம் ஒரே பிரச்சனைதான், அந்தக் கோடு. கீழ மிஷின், மேல கத்தரி, ரெண்டுக்கும் நடுவுல படிக்கட்டு மாதிரி ஒரு கோடு விழும், கிண்ணத்த கவுத்து வச்சு சுத்தி வெட்டுன மாதிரி. இதுக்கு நான் எத்தனை வீடியோ பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல, ஆனா விஷயம் கையிலதான் இருக்கு. மிஷின மண்டையோட ஒட்டியே மேல வரைக்கும் கொண்டு போகக் கூடாது. பக்கவாட்டு நேரா இருந்துட்டு ஒரு இடத்துல மண்டை உள்பக்கமா வளைய ஆரம்பிக்கும் பாருங்க, தலை சீவுற சீப்ப சைடுல செங்குத்தா வச்சா அது மண்டைய விட்டு விலகுற இடம், அங்க வந்ததும் மிஷின அப்படியே வெளிய இழுத்துடணும், ஒரு கரண்டிய வழிச்சு எடுக்குற மாதிரி. அப்புறம் பெரிய நம்பர்ல ஆரம்பிக்கணும், முதல்ல 4ல சைடு முழுக்க, அப்புறம் 3ல பாதி உசரம் வரைக்கும், 2 காத சுத்தியும் பிடரிலயும் மட்டும். கிளிப்பர் பக்கவாட்டுல ஒரு சின்ன லீவர் இருக்கே, அத திறந்து விட்டா அதே சீப்புலயே முடி கொஞ்சம் நீளமா நிக்கும், ரெண்டு நம்பருக்கும் நடுவுல கோடு தெரிஞ்சா அத வச்சுதான் அழிக்கிறேன். அஞ்சு தலை வரைக்கும் அது எதுக்கு இருக்குன்னே தெரியாம விளையாட்டா தட்டிக்கிட்டு இருந்தேன்.

இன்னொன்னு கிர்தா. இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கேன்னு ஏத்துவேன், இப்ப வலது இறங்கின மாதிரி தெரியும், அத ஏத்துவேன், மறுபடி இடது. ஒரு தடவை வீட்டுக்காரருக்கு ரெண்டு பக்கமும் கிர்தாவே இல்லாம காதுக்கு மேல போய் நின்னுடுச்சு. காத வச்சு அளந்ததுதான் காரணம், நிறைய பேருக்கு ரெண்டு காதும் ஒரே மட்டத்துல இருக்காது, அவருக்கு வலது காது கண்ணுக்கே தெரியுற அளவு மேல இருக்கு, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அன்னிக்குதான் கவனிச்சேன். இப்பல்லாம் ரெண்டு கட்டைவிரலையும் ரெண்டு கிர்தா நுனில வச்சுட்டு நேரா முன்னாடி நின்னு விரல பாக்குறேன், மட்டமா இருந்தா மிஷின கீழ வச்சுடுறேன். கீழ வைக்கிறதுதான் எனக்கு கஷ்டமான வேலை, கை சும்மா இருக்காது.

பையன் கதை தனி. அவனுக்கு உச்சில சுழி ரெட்டை. அந்த இடத்துல ஒட்ட வெட்டுனா முடி நட்டுக்கிட்டு நிக்குது, எத்தனை தண்ணி தடவுனாலும் படியாது, கொஞ்சம் நீளமா விட்டா அதோட வெயிட்டுலயே படுத்துக்குது. நோட்டுல "சுழி, தொடாதே"ன்னு ரெண்டு கோடு போட்டு வச்சிருக்கேன். நெத்தி முடிய முதல் தடவை நல்லா நனைச்சு, சீப்பால இழுத்துப் புடிச்சு புருவத்துக்கு சரியா வெட்டுனேன், காஞ்சதும் பாதி நெத்திக்கு ஏறிடுச்சு. நனைஞ்ச முடி நீளும், காஞ்சா சுருங்கும், சுருட்டை கொஞ்சம் இருந்தாலும் இன்னும் ஏறும். இப்ப காய விட்டு, இழுக்காம, கத்தரிய நட்டுக்குத்தா புடிச்சு நுனிய மட்டும் கொத்தி கொத்தி எடுக்குறேன், படுக்க வச்சு வெட்டுனா ஸ்கேல் வச்ச மாதிரி கோடு விழுது. காத மடக்கிப் புடிச்சா அவனுக்கு கூச்சம், "அம்மா, ஒன்னுலேருந்து இருபது எண்ணுறேன், அதுக்குள்ள முடி"ன்னு டீல் பேசுவான், பதினஞ்சுல அவனே ஸ்பீட ஏத்திடுவான்.

மாமாவுக்கு வெட்டுறதுதான் ஈசின்னு நினைச்சேன். "ஏம்மா, இருக்குறது நாப்பது முடி, இதுல என்ன ஸ்டைலு, சும்மா இழுத்து விடு"ன்னார். ஆனா வயசானவங்களுக்கு தோல் தளர்ந்திருக்கும், காதுக்குப் பின்னாடியும் பிடரிலயும் பிளேடு அந்த மடிப்புல மாட்டும். இடது கை விரலால தோல இழுத்துப் புடிச்சுக்கிட்டு மெதுவா போகணும். ரெண்டாவது தடவை அவருக்கு லேசா கீறிடுச்சு, அதுக்கு காரணமும் நான்தான், முந்தின நாள் பிளேட கழட்டி கழுவி திரும்ப மாட்டும்போது சரியா மாட்டல. ஓடுற பிளேடோட பல்லு, நிக்கிற பிளேடு பல்ல விட கொஞ்சூண்டு உள்ள தள்ளி இருக்கணும், சமமாவோ வெளியவோ இருந்தா தோல கடிச்சிடும். "ஒன்னும் இல்லம்மா, எறும்பு கடிச்ச மாதிரிதான்"னு அவர் சொன்னாலும் எனக்கு அன்னிக்கு சாப்பாடு இறங்கல. மூணாவது தடவை மிஷின் சத்தத்துல அப்படியே தூங்கிட்டார், தலை மார்ல சாய்ஞ்சிடுச்சு, பிடரி மட்டும் சூப்பரா வந்துச்சு.

பராமரிப்பு பெருசா ஒன்னும் இல்ல. எண்ணெய் தடவுன தலைல மிஷின் போடாதீங்க, குளிச்சு காஞ்ச தலையா இருக்கட்டும். வெட்டி முடிச்சதும் பிரஷ்ஷால முடிய தட்டிட்டு பிளேடுக்கு அதோட வர்ற எண்ணெய் ரெண்டு மூணு சொட்டு, அவ்ளோதான். தலைக்கு வைக்கிற எண்ணெயயே விட்டுப் பாத்தேன், ரெண்டு வாரத்துல பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு மிஷின் முக்க ஆரம்பிச்சுடுச்சு.

இன்னும் கைக்கு வராதது சீப்பு மேல வச்சு கத்தரி ஓட்டுறது, கத்தரி நகருது சீப்பு நின்னுடுது, இல்ல சீப்பு நகருது கத்தரி நின்னுடுது. போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரர் தலைல அதத்தான் பழகிட்டு இருந்தேன். முடிச்சு கண்ணாடி பாத்துட்டு, "பரவால்லயே, உன் முடிய நான் வேணா நுனி மட்டும் வெட்டி விடட்டுமா"ன்னு கேட்டார். நான் கத்தரிய எடுத்து பீரோல வச்சு பூட்டிட்டேன்.