பனிக்கட்டி, நீராவி, நடுவில் ஒரு வெப்பமானி

ஜனவரி 3

நொறுக்கிய பனிக்கட்டியைப் பாத்திரத்தில் போட்டு, மிகச் சிறிய தீயில் வைத்து, வெப்பமானியைச் செருகிக் கிளறிக்கொண்டே இருந்தேன். 0 டிகிரி. கட்டிகளின் விளிம்பு மழுங்குகிறது, தண்ணீர் ஏறுகிறது, கரண்டி இடிபடும் சத்தம்கூடக் குறைகிறது. சிவப்புக் கோடு மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அடியிலோ தீ எரிந்துகொண்டேதான் இருக்கிறது. கடைசிச் சில்லும் கரைந்த பிறகுதான் கோடு மேலே ஏறத் தொடங்கியது.

அத்தனை வெப்பமும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்தவே செலவாகிவிட்டது. 1760களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் அளந்து பார்த்த உள்ளுறை வெப்பம் இதுதான். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 334 ஜூல் வேண்டும். அதே வெப்பத்தை ஒரு கிராம் தண்ணீருக்குக் கொடுத்தால் 0-விலிருந்து கிட்டத்தட்ட 80 டிகிரிக்குப் போய்விடும். வெப்பமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்தக் கணக்கு தெரியவே தெரியாது.

ஜனவரி 4

அதே தண்ணீரைக் கொதிக்க விட்டேன். 100-ஐ ஒட்டிக் கோடு மறுபடியும் நின்றுவிட்டது. ஒரு கிராமை ஆவியாக்க ஏறக்குறைய 2260 ஜூல், அதாவது உருக்குவதைப் போல ஏழு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. நியாயம்தான். உருகும்போது பிடி தளர்கிறது. ஆவியாகும்போது அறுந்தே போகிறது. கொதிநீரைவிட நீராவி மோசமாகச் சுடுவதும் இதனால்தான். தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது அந்த வெப்பத்தையெல்லாம் அங்கேயே இறக்கிவிடுகிறது.

ஜனவரி 7

இன்றைய வேலை சின்னதுதான், ஆனால் பிடித்திருந்தது. ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சில், கொதிக்க வைத்து 60 டிகிரி வரை ஆறவிட்ட தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றி, நுனியை அடைத்துக்கொண்டு தண்டைப் பின்னால் இழுத்தேன். தளதளவென்று கொதித்தது! விட்டதும் குமிழ்கள் சட்டென மறைந்தன. இழுத்தால் கொதிக்கிறது, விட்டால் அடங்குகிறது. தீயே தேவைப்படவில்லை.

60 டிகிரித் தண்ணீரின் ஆவியழுத்தம், அதாவது அதிலிருந்து எழும் ஆவி தள்ளும் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். வெளியழுத்தம் அதற்குக் கீழே இறங்கினால் கொதித்தே தீரும். எவரெஸ்ட் உச்சியில் தண்ணீர் சுமார் 70 டிகிரியிலேயே கொதித்துவிடுவதும் இதே கதை. கொதிநிலை 100 என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோமே, அது ஒரே ஓர் அழுத்தத்துக்கான எண்.

ஜனவரி 11

உறைநிலைக்குக் கீழே போயும் உறையாத தண்ணீர். சுத்தமான நீர் நிரம்பிய பாட்டிலை ஆட்டாமல் அசைக்காமல் குளிரவைத்து, எடுத்து மேசையில் ஒரு தட்டு. கழுத்திலிருந்து வெள்ளை ஊசிகள் கீழ்நோக்கி ஓடின. சில நொடிகளில் பாட்டில் முழுக்க வெளுத்துவிட்டது.

முழுவதும் உறைந்துவிட்டது போலத் தெரிந்தாலும் அது கூழ்தான். தண்ணீர் −5 டிகிரியில் இருந்ததாக வைத்துக்கொள்வோம். உறையும் பகுதி வெளிவிடும் வெப்பம் மீதித் தண்ணீரைச் சூடாக்கி 0-வுக்குக் கொண்டுவந்துவிடும், அத்தோடு உறைவதும் நின்றுவிடும். கணக்குப் போட்டால் 100 கிராமில் சுமார் 6 கிராம்தான் உறைகிறது. உறைவது என்றால் வெப்பத்தை வெளியே விடுவது. படித்தால் ஒப்புக்கொள்ளும் மனது, கண்ணால் பார்க்கும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது.

ஜனவரி 12

பிளாஸ்மாவை ஏன் எழுதவில்லை என்று ஒருவர் கேட்டார். சூரியன், மின்னல், குழல் விளக்கு எல்லாம் அதுதான்; அணுவிலிருந்து எலக்ட்ரான் கழன்ற வாயு. சமையல் அடுப்பை வைத்துக்கொண்டு நான் அங்கே போக முடியாது. அப்புறம் பார்க்கலாம்.

ஜனவரி 16

உலர்பனி, அதாவது திண்மமாக உறைந்த கார்பன் டை ஆக்சைடு, −78.5 டிகிரியில் நேராக வாயுவாகிறது, நடுவில் ஈரமே இல்லை. இதைப் பதங்கமாதல் என்று எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். கார்பன் டை ஆக்சைடுக்குத் திரவநிலையே கிடையாது என்ற எண்ணம் அப்படித்தான் வருகிறது. இருக்கிறது. அழுத்தம் வளிமண்டலத்தைப் போல ஐந்து மடங்குக்குச் சற்று மேலே போக வேண்டும், அவ்வளவுதான். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பு உருளைக்குள் பெரும்பகுதி திரவமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 20

இந்த மாதம் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது 1822-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் காய்னியார் த லா தூர் செய்த சோதனை. திரவமும் ஒரு சிக்கிமுக்கி உருண்டையும் போட்டு மூடிய தடித்த உலோகக் குழாயைச் சூடாக்கி, உருட்டிக்கொண்டே காது கொடுத்துக் கேட்டார். திரவத்தில் உருண்டை விழும் சளப் என்ற சத்தம் ஒரு கட்டத்துக்கு மேல் நின்றுபோனது. உள்ளே திரவத்துக்கு மேல்பரப்பே இல்லை!

தண்ணீருக்கு அந்த மாறுநிலை 374 டிகிரி, ஏறக்குறைய 218 வளிமண்டல அழுத்தம். அதற்கு மேலே போனால் திரவம், வாயு என்று பிரித்துச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. ஆக, முதலில் அழுத்தத்தை ஏற்றி, பிறகு சூடாக்கி, கடைசியில் அழுத்தத்தை இறக்கினால், ஒரு குமிழ்கூட வராமல், எங்கும் கொதிக்காமல், தண்ணீர் ஆவியாகிவிடும். திண்மத்துக்கும் திரவத்துக்கும் இடையே இப்படிச் சுற்றிக்கொண்டு போக வழி இதுவரை யாருக்கும் அகப்படவில்லை.