கை உயர்த்திய மாலை

டிசம்பர் 13, 2024, வெள்ளி

எங்கள் ஊர்ச் சமுதாயக் கல்லூரியின் (அரசு நடத்தும் இரண்டு வருடக் கல்லூரி) புதிய அறங்காவலர், அதாவது ட்ரஸ்டி, திங்கள்கிழமை கூட்டத்தில் உறுதிமொழி எடுக்கிறார். அதன் நிகழ்ச்சி நிரல் இன்று மாலை வந்துவிட்டது. 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும் என்பது கலிபோர்னியாவில் சட்டம்.

அறங்காவலர் என்றால் நமக்குக் கோயில்தான் நினைவுக்கு வரும். இங்கே சமுதாயக் கல்லூரியின் ட்ரஸ்டிகளை ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். பதவிக்காலம் நான்கு வருடம். குடியுரிமை கிடைத்து நவம்பர் 5 அன்று நான் போட்ட முதல் ஓட்டுச்சீட்டில், ஜனாதிபதிக்கு வெகு கீழே இவர்கள் பெயர் இருந்தது. அந்த இடத்தில்தான் அதிக நேரம் யோசித்தேன். யூனிட்டுக்கு (பாடத்தை அளக்கும் கணக்கு) 46 டாலர் என்பது மாநிலம் வைத்த கட்டணம். ஆனால் கல்லூரியின் பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவது இவர்கள். அம்மா போகும் மாலை நேர இலவச ஆங்கில வகுப்பு நீடிக்குமா என்பதும் அதில்தான் இருக்கிறது.

டிசம்பர் 15, ஞாயிறு

ட்ரஸ்டி எடுக்கப்போகும் உறுதிமொழியின் வாசகத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நாட்டின் அரசியல் சட்டத்தையும் மாநிலத்தின் அரசியல் சட்டத்தையும் காப்பேன், மனதில் எதையும் ஒளித்து வைக்காமல் முழுச் சம்மதத்தோடு ஏற்கிறேன் என்று வரும். "நம்ம ஊர்ல உளமாரன்னு சொல்றாங்களே, அதுவா?" என்றாள். அதேதான்.

இதே மாநிலத்தில் உறுதிமொழிக்கு ஒரு கசப்பான கதையும் உண்டு. 1949-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகம், கம்யூனிஸ்ட் இல்லை என்று உறுதி தரும்படி தன் ஆசிரியர்களைக் கேட்டது. கையெழுத்துப் போட மறுத்த 31 பேரை 1950-இல் வேலையை விட்டு அனுப்பினார்கள். 1952-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பிழைக்க வந்தவரை மிரட்டிச் சொல்ல வைப்பது வேறு, அதிகாரம் கேட்டு வந்தவர் ஊர் முன்னால் தானாகச் சொல்வது வேறு. இரண்டாவதைப் பார்க்கத்தான் நாளை போகிறேன்.

டிசம்பர் 16, திங்கள்

அறையில் நாற்பது பேர் இருந்திருப்போம். புதிய ட்ரஸ்டி வலது கையை உயர்த்தினார். பக்கத்தில் அவருடைய மகள், ஏழெட்டு வயதிருக்கும், அப்பா சொல்லச் சொல்லத் தானும் உதட்டை அசைத்தாள். "நான்" என்று தொடங்கித் தன் பெயரைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் நடுங்கியது. அந்த நடுக்கம் எனக்குப் பிடித்திருந்தது. சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தைகள் இல்லையே அவை.

அப்புறம் கைதட்டல், போட்டோ, கேக்.

பொதுமக்கள் பேசும் நேரத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்பை விட்டால் வேறு வழி இல்லை, அதில் கை வைக்காதீர்கள் என்றேன். நிரலில் இல்லாத விஷயத்தை அங்கேயே விவாதிக்கச் சட்டத்தில் இடமில்லை. புதியவர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். ஜனவரி கூட்டத்துக்கும் போவேன்.

திரும்பும்போது அம்மா காரில் 'சாலம்லி' (solemnly, நம்ம 'உளமார') என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எழுதும்போது அதில் ஒரு 'n' எழுத்து இருக்கிறது, ஆனால் ஒலிக்காது என்றேன். நாளைக்கு வகுப்பில் டீச்சரிடமே கேட்டுக்கொள்கிறாளாம்.